குஷன் உறை தைக்கும்போது எது பிசகினால் எங்கே பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் பாதி தைத்த குஷன் உறையோடு யாராவது நிற்பார்கள். தெருவில் நான்கைந்து பேருக்கு நான்தான் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டேன், ஆகவே தப்பிக்க வழியில்லை. "அக்கா, மிஷின் கெட்டுப்போய்விட்டது" என்றுதான் பேச்சு தொடங்கும். போய்ப் பார்த்தால் மிஷின் நன்றாகவே இருக்கும். நூல் கோத்ததிலோ, ஊசியிலோ, துணி வெட்டியதிலோ பிசகியிருக்கும்.

உங்கள் கண்ணில் படும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், மெக்கானிக்கோ டெய்லரோ கடைசியில் வருவார். அளவு சொல்லும் இடங்களில் 16 அங்குலச் சதுர உறையை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று: திருப்புளியை எட்டாத இடத்தில் வையுங்கள். முடுக்கக் கூடாத திருகை முடுக்கிவிட்டு வந்தவர்களுக்குத்தான் எனக்கு அரை நாள் போயிருக்கிறது. எதைச் சரிசெய்தாலும் உறையில் தைத்துப் பார்க்காமல், அதே துணியின் வெட்டுத் துண்டை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள்.

துணியின் அடியில் நூல் சிக்குச் சிக்காகக் கட்டிக்கொள்கிறது

அதிகம் பேர் கொண்டுவரும் கோளாறு இது. சிக்கு கீழே தெரிவதால் எல்லாரும் பாபினை, அதாவது கீழ் நூல் சுற்றிய சின்ன உருளையை, கழற்றுவார்கள். தவறு மேல் நூலில் இருக்கிறது. மேல் நூலைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாதபோது அது கட்டுக்கட்டாக இறங்கி அடியில் சுருண்டுகொள்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டுத் தைத்துப் பாருங்கள். அடியில் சுருண்டு கிடப்பது சிவப்பாக இருக்கும். இனி இந்த வரிசையில் பாருங்கள்:

1. நூல் கோக்கும்போது அழுத்துப் பாதம் இறங்கியிருந்ததா? பாதம் இறங்கியிருந்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். நூல் தட்டுகளுக்கு இடையே போகாமல் விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும். பாதத்தைத் தூக்கி, நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்தால் கை இறுக்கத்தை உணர வேண்டும். பாதத்தைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நூல் இன்னும் தட்டுக்குள் போகவில்லை.

2. ஏறி இறங்கும் நூல் தூக்கியின் துளையில் நூல் இருக்கிறதா? அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேராக ஊசிக்குப் போவது சகஜம்.

3. தொடக்கத்தில் மட்டும் சிக்கு விழுகிறதா? மேல் நூல், கீழ் நூல் இரண்டின் முனைகளையும் ஒரு சாண் நீளம் விட்டுப் பாதத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் நான்கு தையல் போடுங்கள். துணியின் விளிம்பிலேயே ஊசியை இறக்காமல் கால் அங்குலம் உள்ளே இறக்குங்கள்.

4. கால்மிதி மிஷினா? சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிட்டதா? புதிதாக மிதிப்பவர்களுக்கு அடிக்கடி நடக்கும். ஒரே ஒரு சுற்று தலைகீழாகப் போனாலும் போதும், நூல் சுருண்டு பாபின் பெட்டியில் மாட்டிக்கொள்ளும். மேல் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு, அந்த ஓட்டத்தோடு காலை வையுங்கள். நூல் போடாமல், துணி வைக்காமல் பத்து நிமிடம் வெறுமனே மிதித்துப் பழகினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

5. பாபினைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். தூசும் நூல் பிசிறும் திரண்டு கிடக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகப் பிடித்துக்கொள்ளும்.

6. இவ்வளவுக்குப் பிறகும் அடியில் வளையம் தெரிந்தால், முகப்பில் உள்ள டென்ஷன் திருகை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பித் தைத்துப் பாருங்கள். வேண்டுமானால் இன்னொரு கால் சுற்று.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நேரம்: திருகை எவ்வளவு முடுக்கினாலும் பாதத்தை இறக்கியபின் நூலில் இறுக்கமே ஏறவில்லை. உள்ளே ஸ்பிரிங் போயிருக்கலாம்.

*மாறாக, மேல்பக்கம் கீழ் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால்*

மேல் நூல் மிக இறுக்கமாக இருக்கிறது, அல்லது கீழ் நூல் பாபின் பெட்டியின் தகட்டுக்கு அடியில் போகாமல் சும்மா தொங்குகிறது. பெட்டியை வெளியே எடுக்கும் வகை மிஷினாக இருந்தால் நூல் முனையைப் பிடித்துப் பெட்டியைத் தொங்கவிடுங்கள். தானாக விழக் கூடாது. கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் நூலைத் தகட்டுக்கு அடியில் மீண்டும் கோத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் பெட்டியின் தகட்டில் உள்ள சின்னத் திருகு. அதையும் அரைக்கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

தையல் விட்டுவிட்டு விழுகிறது

ஊசியை மாற்றுங்கள். மழுங்கிய ஊசியா, வளைந்த ஊசியா என்று வெயிலில் பிடித்து ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். இரண்டு மூன்று உறை தைத்த ஊசிக்கு வயதாகிவிட்டது.

புது ஊசியிலும் விட்டுவிட்டு விழுந்தால், அதைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள், அல்லது முழுவதும் மேலே ஏறவில்லை. ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளத்தின் பக்கமிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். ஊசிக்கு மேலே கடைசியாக இருக்கும் நூல் கொக்கி எந்தப் பக்கமோ, பள்ளமும் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது ஊசியின் எண். மெல்லிய பருத்திக்கு 11, சாதாரணப் பருத்திக்கும் கைத்தறிக்கும் 14, லினன் போன்ற கனமானவற்றுக்கு 16, கேன்வாஸ், ஜீன்ஸ், பவானி ஜமக்காளத் துண்டு போன்றவற்றுக்கு 18. ஜமக்காளத்தில் உறை தைத்தால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் முதல் உறையாக அதை எடுக்காதீர்கள்.

புது ஊசி, சரியான எண், சரியான பக்கம் மூன்றும் இருந்தும் விட்டுவிட்டு விழுந்தால் டைமிங் விலகியிருக்கிறது. ஊசி இறங்கும் நேரமும், அடியில் பாபினைச் சுற்றி நூலைப் பிடிக்கும் கொக்கி சுற்றும் நேரமும் ஒத்துப்போகவில்லை. அது மெக்கானிக் வேலை.

நூல் அறுகிறது, அல்லது ஊசி முறிகிறது

நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். சட்டென்று அறுந்தால் நூல்கண்டு பழசு. பாட்டியின் தையல் பெட்டியில் இருபது வருடம் கிடந்த நூலைக் கொண்டு தைக்க ஆசைதான், ஆனால் அது பொத்தான் கட்டக்கூட ஆகாது. நூல் நன்றாக இருந்தால் கண்டின் விளிம்பு வெட்டில் அது மாட்டுகிறதா, மேல் டென்ஷன் அதிகமா, ஊசியின் காது சொரசொரப்பாக இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

ஊசி முறிவதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும். துணியைத் தள்ளுவது பாதத்துக்கு அடியில் உள்ள பற்களின் வேலை, வழி காட்டுவது மட்டும் நம் வேலை. குண்டூசியைத் தைக்கும் முன் உருவிவிடுங்கள். பைப்பிங் (ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் பட்டை) சேரும் மூலையிலும் ஜிப்பின் உலோக முனையிலும் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். முறிந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்துவிட்டதா என்று பார்த்த பிறகே மீண்டும் தையுங்கள், அந்தக் குஷனில் நாளைக்கு ஒரு குழந்தை தலை வைக்கும்.

தைத்த ஓரம் சுருங்கி அலை அலையாக நிற்கிறது

இஸ்திரி போட்டுப் பாருங்கள். பாதி அதிலேயே படிந்துவிடும். படியவில்லையென்றால் தையலின் நீளத்தைக் கூட்டுங்கள். இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் உறைக்குப் போதும். பிறகு மேல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்துங்கள். மெல்லிய துணியில் தடித்த ஊசி போட்டாலும் இப்படித்தான் வரும். வெல்வெட்டில் மேல் துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு விரல் அளவு மிஞ்சி நிற்கும். அதற்கு மருந்து ஒன்றுதான்: கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு பிறகு மிஷினில் வைப்பது.

மூலை சரியில்லை

கடையில் வாங்கிய உறைக்கும் வீட்டில் தைத்ததற்கும் வித்தியாசம் மூலையில்தான் தெரிகிறது. மூன்று வகையாகக் கெடும்.

*மூலை நாய்க்காதுபோல் நீண்டு வெறுமையாகத் தொங்குகிறது*

நீங்கள் தவறாக எதுவும் தைக்கவில்லை. சரியான சதுரமாகத் தைத்ததுதான் பிரச்சினை. பஞ்சு நிரம்பியதும் நடுப்பகுதி உப்பிப் பக்கங்களை உள்ளே இழுக்கும். மூலைக்குப் பஞ்சு எட்டாது, ஆகவே அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் நான்கு அங்குலம் அளந்து தையல் கோட்டின்மேல் புள்ளி வையுங்கள். மூலையில் இரு தையல் கோடுகளிலிருந்தும் அரை அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு புள்ளி. இந்த உள்புள்ளியையும் நான்கு அங்குலப் புள்ளிகளையும் சாக்கட்டியால் நேர்கோட்டில் இணைத்து அதன்மேல் தையுங்கள். பழைய தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. மிஞ்சிய துணியை வெட்டும் முன் ஒருமுறை திருப்பி, பஞ்சுத் திண்டைப் போட்டுப் பாருங்கள். வெட்டிய பிறகு மனம் மாறிப் பயனில்லை.

அடுத்த உறையில் இதைத் துணி வெட்டும்போதே செய்துவிடலாம். கைக்கு வந்த பிறகு நான் அட்டையில் ஒரு மூலை வெட்டி வைத்துக்கொண்டேன், எல்லா உறைக்கும் அதுவே.

*மூலை தடித்து உருண்டை கட்டியிருக்கிறது*

உள்ளே துணி மிஞ்சிக் கிடக்கிறது. மூலையைக் குறுக்காக வெட்டுங்கள், ஆனால் தையலுக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டு. கனத்த துணியில் மூலையில் சட்டென்று திரும்பாமல், குறுக்காக ஒன்றிரண்டு தையல் போட்டுத் திரும்பினால் வெளியே பார்க்கக் கூர்மையாகவே தெரியும்.

*மூலையில் ஓட்டை*

கத்தரிக்கோல் முனையால் குத்தித் தள்ளினீர்கள், இல்லையா? எல்லாரும் ஒருமுறை செய்வதுதான். எழுதாத பென்சிலின் மொட்டை முனையே போதும். ஓட்டை விழுந்த உறையைத் திருப்பி, ஓட்டைக்கு உள்ளே கால் அங்குலம் தள்ளி நான்கு மூலையையும் ஒரே மாதிரி வளைத்துத் தைத்துவிடுங்கள். வளைந்த மூலை வேண்டுமென்றே வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

உறை தொளதொளவென்று இருக்கிறது, அல்லது திண்டு உள்ளே போகவில்லை

திண்டை எப்படி அளந்தீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். தொப்பையின்மேல் டேப்பை வளைத்து அளந்தால் ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகக் காட்டும். கையால் தட்டையாக அழுத்தி, ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை அளக்க வேண்டும்.

ஃபைபர் பஞ்சுத் திண்டு நாளாக ஆக அமுங்கும். ஆகவே 16 அங்குலத் திண்டுக்கு உறை தைத்து முடிந்தபின் 15 அல்லது பதினைந்தரை அங்குலம் இருந்தால்தான் விறைப்பாக நிற்கும். இலவம் பஞ்சை நன்றாகத் திணித்த திண்டு அவ்வளவு அமுங்காது, சம அளவே போதும்.

தொளதொளப்பு என்றால் உள்பக்கம் திருப்பி, சுற்றிலும் கால் அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு தையல் போடுங்கள், முழு அரை அங்குலம் குறையும். இறுக்கம் என்றால் தையலுக்கு விட்ட துணியைப் பாருங்கள். அரை அங்குலம் விட்டிருந்தால் பழைய தையலுக்கு வெளியே புதிதாகத் தைத்து, பழையதைப் பிரித்துக் கொஞ்சம் மீட்கலாம். கால் அங்குலமே விட்டிருந்தால் விட்டுவிடுங்கள், சின்னத் திண்டு வாங்குவது மலிவு.

*முதலில் சரியாக இருந்தது, துவைத்தபின் போடவே முடியவில்லை*

துணியைத் தைக்கும் முன் நனைக்கவில்லை. இதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்த முறை, வாங்கிய துணியை முழுவதுமாக ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். பொறுமை இல்லாதவர்கள் பத்து அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி நனைத்து, காய்ந்தபின் அளந்து பார்க்கலாம். ஒன்பதரை ஆகிவிட்டால் 17 அங்குலத் துண்டில் கிட்டத்தட்ட முக்கால் முதல் ஒரு அங்குலம் போய்விடும் என்று புரிந்துகொள்ளுங்கள். கரூர்ப் பக்கத்து ஏற்றுமதி மிச்சத் துணி எடையில் வாங்குபவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், ஒரே மூட்டையில் நனைத்தது, நனைக்காதது எல்லாம் கலந்து வரும்.

உறை சதுரமாக இல்லை, முறுக்கிக்கொண்டு நிற்கிறது

துணியை நேர் இழையில் வெட்டவில்லை. கடைக்காரர் கிழித்துக் கொடுத்த ஓரம் நேராக இருக்கும், கத்தரித்துக் கொடுத்தது பெரும்பாலும் கோணல். ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து மெல்ல உருவுங்கள். அது விட்டுச்செல்லும் கோட்டில் வெட்டினால் இழை மாறாது. கட்டம் போட்ட துணியில் கட்டத்தையே கோடாக நம்பலாம், அச்சடித்த கட்டமாக இல்லாதவரை. தைத்து முடித்த உறையில் இதைத் திருத்த முடியாது. அதை வெயில் படாத நாற்காலிக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள்.

ஜிப் வைக்காத உறையின் பின்பக்கம் வாய் பிளக்கிறது

பின் துண்டுகள் இரண்டும் போதுமான அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. 16 அங்குல உறைக்கு முன் துண்டு 17-க்கு 17, பின் துண்டுகள் இரண்டும் 17-க்கு 12. ஒவ்வொரு பின் துண்டிலும் ஒரு அங்குலம் மடித்து ஓரம் அடித்த பிறகு 5 அங்குலம் ஏறி நிற்கும். 44 அங்குல அகலத் துணியில் மூன்று துண்டும் பக்கத்தில் பக்கத்தில் அரை மீட்டரிலேயே அடங்கிவிடும்.

ஏற்கெனவே தைத்துவிட்ட உறையா? நடுவில் ஒரு பொத்தானோ இரண்டு பிரஸ் பட்டனோ வைத்துவிடுங்கள். வாய் தொடங்கும் இடத்தில் தையல் பிரிந்தால், அங்கே முன்னும் பின்னுமாக மூன்று முறை கெட்டித் தையல் போடாததே காரணம்.

ஜிப் உறையைத் திருப்ப முடியவில்லை, அல்லது ஜிப் தகராறு செய்கிறது

நான்கு பக்கமும் அழகாகத் தைத்து முடித்து, திருப்பப் போனால் ஜிப் மூடிக் கிடக்கும், அதை இழுத்துத் திறக்கும் ரன்னர் உள்ளே இருக்கும். நானும் ஒருமுறை நடுராத்திரி இப்படி உட்கார்ந்து துணிக்கு மேலிருந்தே ரன்னரை விரலால் தடவித் தடவி நகர்த்தியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு அங்குலம் பிரித்து விரலை விட்டுத் திறந்திருந்தால் ஐந்து நிமிடம். ஜிப் பக்கத்தை முதலில் தையுங்கள், பாதி திறந்து விடுங்கள், பிறகு மற்ற மூன்று பக்கம்.

ரன்னர் இறுக்கமாக ஓடினால் மெழுகுவத்தியைப் பற்களின்மேல் தேயுங்கள். ஓட ஓடப் பின்னாலேயே ஜிப் திறந்துகொண்டால் ரன்னரின் வாய் அகன்றுவிட்டது. குறடால் பின்பக்கத்து இரு ஓரத்தையும் மிக மெல்ல அழுத்துங்கள். அழுத்தி உடைந்தாலும் கவலையில்லை, ரன்னர் மட்டும் தையல் சாமான் கடையில் தனியாகக் கிடைக்கும். ஜிப் பட்டையே கிழிந்திருந்தால் பிரித்துப் புதிது வைக்க வேண்டும். முதல் இரண்டு முறை அதை டெய்லரிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

குஷன் கட்டி கட்டியாக இருக்கிறது

பஞ்சைப் பிய்க்காமல் அப்படியே திணித்திருக்கிறீர்கள். வெளியே எடுத்துக் கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்து, மூலைகளை முதலில் நிரப்பி, நடுவைக் கடைசியில் நிரப்புங்கள். அலங்கார உறைக்குள் பஞ்சை நேராகப் போடாதீர்கள். வெள்ளைப் பருத்தியில் ஓர் உள்ளுறை தைத்து அதற்குள் போடுங்கள், இல்லையென்றால் உறையைத் துவைக்கவே முடியாது. இலவம் பஞ்சைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. வெயிலில் காயவைத்து உதறினால் மீண்டும் உப்பும். காயவைத்தும் உப்பாமல் தூளாக உதிர்ந்தால் பஞ்சு மாற்றும் காலம் வந்துவிட்டது.

சாயம் ஒட்டுகிறது

வெள்ளைத் துணியை நனைத்துப் புது உறையின்மேல் தேயுங்கள். நிறம் ஏறினால் அதை வெளிர்நிறச் சோபாவில் வைக்காதீர்கள். சுங்குடி, கருநீலக் கைத்தறி இரண்டையும் தண்ணீர் தெளிந்து வரும்வரை தனியாக அலசிய பிறகே வெட்டுங்கள். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பழைய பட்டுப்புடவையில் தைத்த உறை தையலோரம் கிழிகிறது

இது கடைசியில் வந்தாலும், கண்ணீரோடு வருகிறவர்கள் இதற்குத்தான் வருகிறார்கள். அம்மாவின் கல்யாணப் புடவையாக இருக்கும்.

முதலில் ஊசித் துளையைப் பாருங்கள். துளைகளைச் சுற்றி மட்டும் இழை விலகியிருந்தால் தையல் மிக நெருக்கமாக விழுந்திருக்கிறது, அல்லது ஊசி தடிமன். 11 எண் புது ஊசி, மூன்று மில்லிமீட்டர் தையல் என்று மாற்றுங்கள். அடுத்து, உறை இறுக்கமா? பட்டுக்கு இறுக்கம் ஆகாது, சின்னத் திண்டு போடுங்கள். மூன்றாவது, பின்னால் தாங்கு துணி இருக்கிறதா? மெல்லிய பருத்தித் துணியை அடியில் வைத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் இழுவை பட்டின்மேல் விழாது. இஸ்திரி போட்டு ஒட்டும் துணியும் கடையில் கிடைக்கும். அதைச் சரிகை இல்லாத ஓரத் துண்டில் ஒட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வெட்டும் முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது: புடவையின் மடிப்பு விழுந்த இடத்தை இரு கட்டைவிரலுக்கு இடையே பிடித்து லேசாக இழுப்பது. மெல்லிய முறுக்கு உடைவதுபோல் சத்தம் கேட்டு இழை பிரிந்தால், அந்தப் பட்டு உறை தைக்க ஆகாது. அப்படிப்பட்ட புடவையில் முந்தானைப் பூவையோ கரையில் ஓர் அன்னத்தையோ மட்டும் பார்த்து எடுத்து, புதுப் பருத்தி உறையின் முகப்பில் கைத்தையலால் பதிக்கலாம். அதை உட்காரும் சோபாவில் போடாமல், யாரும் சாயாத நாற்காலியில் வையுங்கள். கைத்தையல் வராது என்றால் ஆரி வேலை செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கத்தரிக்கோலை நீங்களே பிடித்து, எங்கே வெட்டுவது என்று நீங்களே காட்டிவிட்டு வாருங்கள்.